ஹாப்ஸுக்கு முன்னால் பீரில் போட்ட சதுப்புச் செடி

கேள்வி இதுதான். ஸ்காட்லாந்து மலைப்பக்கம் போன ஒருவர், நடந்தால் கால் புதைகிற ஈர நிலத்தில் முழங்கால் உயரத்துக்குப் புதர் புதராக ஒரு செடியைப் பார்த்திருக்கிறார். இலையைக் கசக்கினால் தைல வாசனை. கூட வந்த வழிகாட்டி ஒரு கிளையை ஒடித்துத் தொப்பியில் செருகிக்கொண்டு, இது இருந்தால் பூச்சி கடிக்காது, அந்தக் காலத்தில் இதைப் போட்டுத்தான் பீர் காய்ச்சினார்கள், மருந்தும்கூட என்று சொல்லியிருக்கிறார். இதில் எவ்வளவு நிஜம், நம்மூரில் வளர்க்க முடியுமா என்று கேட்கிறார்.

அவர் பார்த்தது போக் மிர்ட்டில், இன்னொரு பெயர் ஸ்வீட் கேல். அறிவியல் பெயர் மிரிக்கா கேல், சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்தது. மிர்ட்டில் என்று பெயரில் வந்தாலும் உண்மையான மிர்ட்டிலுக்கும் இதற்கும் உறவு கிடையாது. இதன் சொந்தக்காரர் உத்தராகண்டில் கோடை தொடங்கும்போது கூடையில் வைத்து விற்கிற காஃபல் பழ மரம், அதுவும் மிரிக்காதான். கேல் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

என் பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், வழிகாட்டி சொன்ன மூன்றில் பீர் கதை முழுக்க நிஜம், பூச்சி கதை பாதி நிஜம், மருந்து என்பதுதான் ரொம்ப பலவீனமானது. இந்தச் செடியை மூலிகை என்று எடுத்துக்கொண்டால் அதன் வரலாறே புரியாமல் போய்விடும். வடக்கு ஐரோப்பாவின் ஏழைக் குடியானவர்களுக்கு இது வீட்டைக் காக்கிற செடி. படுக்கையில் தெள்ளுப்பூச்சி வராமல், துணியில் அந்து விழாமல், காய்ச்சிய பானம் சீக்கிரம் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள காசில்லாமல் கிடைத்த பொருள் இதுதான். எல்லாப் பயனும் இலையில் இருக்கிற ஒரே விஷயத்திலிருந்து வருகிறது, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இலை இரண்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் நீளம், அடியில் குறுகி நுனிப்பக்கம் அகன்று, நுனியில் மட்டும் சின்னச் சின்னப் பற்கள். சாம்பல் கலந்த பச்சை. ஒரு கைலென்ஸ் வைத்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் மஞ்சள் மணியாகப் பளபளவென்று புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பிசின் சுரப்பி. விரலால் தேய்த்தால் அது உடைந்து லேசாக ஒட்டும், மணம் அப்போதுதான் எழும். தொடாமல் விட்டால் வெயில் ஏறிய பிற்பகலில் தவிர அவ்வளவாக மணக்காது. அந்த எண்ணெயில் ஆல்ஃபா பைனீன், லிமோனீன், 1,8-சினியோல் எல்லாம் உண்டு. சினியோல் என்பது நம் நீலகிரித் தைலத்தின் முக்கியப் பொருள், அதனால்தான் கேட்டவருக்குத் தைல வாசனை என்று உடனே தோன்றியிருக்கிறது. ஆனால் யூகலிப்டஸ் போல மூக்கில் ஏறாது. பின்னால் ஒரு இனிப்பும் லேசான பிசின் கசப்பும் வரும். எண்ணெயின் கலவை இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். ஒரே ஊர்க்காரர்களே "எங்கள் பக்கத்துக் கேல்தான் நல்லது" என்று சண்டை போடுவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

பூ வருவது இலைக்கு முன்னால். ஏப்ரல், மே மாதங்களில் இலையே இல்லாத செம்பழுப்புக் குச்சிகளில் குட்டிக் குட்டிக் கதிர்களாகப் பூக்கும், காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகும், அந்த இரண்டு மூன்று வாரம் சதுப்பு முழுக்க ஆரஞ்சும் சிவப்புமாகப் பற்றிக்கொண்டது மாதிரி இருக்கும். பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆனால் ஒரு வருடம் ஆணாகப் பூத்த செடி இன்னொரு வருடம் பெண்ணாகப் பூப்பதும் உண்டு. காய் மிகச் சின்னது, இரண்டு பக்கமும் காற்று நிரம்பிய சிறகு போன்ற செதில் இருப்பதால் தண்ணீரில் மிதந்து போகும். வெள்ளம் வடிந்த ஓடையோரங்களில் வரிசை கட்டி முளைத்திருப்பது அதனால்தான். மற்றபடி வேரிலிருந்து கிளைத்துக்கொண்டே போவதால், நாம் பார்க்கிற ஒரு பெரிய புதர்க்காடு ஒரே செடியாகக்கூட இருக்கலாம்.

எங்கே வளர்கிறது என்பதும் முக்கியம். பிரிட்டன், அயர்லாந்து, நார்வே, சுவீடன், டென்மார்க், நெதர்லாந்து, வடமேற்கு ஜெர்மனி, பிரான்ஸின் மேற்குக் கரை, அப்புறம் அட்லாண்டிக்கைத் தாண்டி கனடாவும் வட அமெரிக்காவின் வடபகுதியும். ஜப்பானின் வடக்கில் இதன் ஒரு வகை உண்டு. எல்லா இடத்திலும் தேவை ஒன்றுதான்: ஈரமான, சத்தில்லாத, பீட் மண். பீட் என்பது தண்ணீரில் ஊறிக் கிடப்பதால் மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த பாசியும் செடியும். சதுப்பு என்றால் எங்கும் வளரும் என்று நினைக்க வேண்டாம். மழைநீர் மட்டுமே தேங்கி நிற்கும் நடுச்சதுப்பில் இது அவ்வளவாக இருக்காது. தண்ணீர் மெல்ல நகர்கிற ஓரங்கள், ஓடைக் கரைகள், ஏரி விளிம்புகள்தான் இதற்குப் பிடித்த இடம். மலையேறுகிறவர்களுக்கு இது ஒரு குறிப்பு: கேல் அடர்ந்திருந்தால் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள்.

அவ்வளவு சத்தில்லாத மண்ணில் எப்படிப் பிழைக்கிறது? வேர்முடிச்சுகளில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிரைக் குடிவைத்து, காற்றிலிருக்கும் நைட்ரஜனை உரமாக்கிக்கொள்கிறது. கடலூர்ப் பக்கம் மணல் நிலத்தில் சவுக்கு உரமில்லாமல் செழிப்பதற்கும் இதே ஃபிராங்கியா இனம்தான் காரணம். ஆனால் கேலுக்கு ஒரு கூடுதல் சிக்கல், நீர் நிறைந்த பீட்டுக்குள் காற்றே கிடையாது. அதற்கு அது செய்திருக்கிற ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: முடிச்சிலிருந்து மெல்லிய வேர்கள் கீழே போகாமல் நேரே மேல்நோக்கி வளர்கின்றன, உள்ளே காற்று இடைவெளியோடு, மேற்பரப்புக் காற்றை முடிச்சுக்கு இறக்கிக் கொடுக்க. ஒரு செடியைச் சேற்றோடு மெதுவாகக் கழுவிப் பார்த்தால் பவளக்கொத்து போல முடிச்சும் அதிலிருந்து மேலே நிமிர்ந்த நூல்களும் தெரியும்.

சரி, பீர். இதன் மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று டென்மார்க்கில் இருக்கிறது. 1921இல் எக்ட்வெத் என்ற ஊரில் ஒரு மேட்டைத் தோண்டியபோது ஓக் மரத்தைக் குடைந்து செய்த சவப்பெட்டி கிடைத்தது. உள்ளே 16லிருந்து 18 வயதுக்குள் ஒரு பெண். கம்பளி உடை, முடி, நகம், பல் எல்லாம் இருந்தன, எலும்பு மட்டும் கரைந்துவிட்டது. மர வளையத்தை வைத்து அடக்கம் நடந்தது கி.மு. 1370 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெட்டிக்குள் யாரோ (yarrow) என்ற செடியின் பூ இருந்ததால் அது கோடைக்காலம் என்றும் தெரிகிறது. அவள் காலடியில் பூர்ச்சமரப் பட்டையில் தைத்த சின்ன வாளி. அடியில் காய்ந்து ஒட்டியிருந்த படிவைச் சோதித்தபோது கோதுமை, தேன், கேல், கௌபெர்ரி என்ற புளிப்பான காட்டுப் பழம் எல்லாம் தெரிந்தன. வழியனுப்பும்போது குடிக்கக் கொடுத்த பானத்தில் கேல் இருந்திருக்கிறது. 3,300 வருடத்துக்கும் மேலான பழக்கம் இது, வேறென்ன சான்று வேண்டும்?

இடைக்காலத்தில் இது பெரிய பணமாகிவிட்டது. நெதர்லாந்து, பெல்ஜியம், வடமேற்கு ஜெர்மனிப் பகுதிகளில் பீருக்குப் போடும் வாசனைக் கலவைக்கு க்ரூட் என்று பெயர். ஒவ்வொரு ஊரிலும் சேர்மானம் கொஞ்சம் மாறும், ஆனால் கேல்தான் அதன் முதுகெலும்பு. கலவையை யார் வேண்டுமானாலும் செய்ய முடியாது. அரசரிடமிருந்து உரிமை பெற்ற பிஷப்போ பிரபுவோ நகராட்சியோ மட்டும் விற்கலாம், பீர் காய்ச்சுகிறவர் அவரிடம்தான் வாங்க வேண்டும். 10ஆம் நூற்றாண்டிலேயே இந்த உரிமை ஆவணங்களில் வருகிறது. நடைமுறையில் அது பீர் வரி, செடி வெறும் சாக்கு. பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரத்துக்குப் போனால் க்ரூட்ஹூஸ அரண்மனை என்று 15ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்று இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். அந்தக் குடும்பத்தின் செல்வத்துக்கு அடித்தளமே க்ரூட் உரிமைதான், குடும்பப் பெயரும் அதுவே. சேற்றில் முளைக்கிற ஒரு குச்சிச் செடி கட்டிய மாளிகை என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

பிறகு ஏன் ஹாப்ஸ், அதாவது இன்று பீருக்குக் கசப்பு தருகிற கொடிப்பூ, வென்றது? இணையத்தில் சுற்றுகிற ஒரு கதை, கேல் பீர் மனிதனைக் கிளர்ச்சிப்படுத்தியது, மாயக்காட்சி காட்டியது, அதனால் சமயவாதிகள் பயந்துபோய் தூங்கவைக்கிற ஹாப்ஸைத் திணித்தார்கள் என்கிறது. தயவுசெய்து இதை நம்ப வேண்டாம். கேலில் மாயக்காட்சி காட்டும் பொருள் எதுவும் இல்லை. கேல் பீர் தலைக்கு அதிகமாக ஏறும், மறுநாள் தலைவலி என்ற நம்பிக்கை ஸ்காண்டிநேவியாவில் நெடுங்காலமாக உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கெட்ட பெயர் வந்ததில் இன்னொரு செடிக்கும் பங்கிருக்கலாம். சதுப்பு ரோஸ்மேரி என்கிற லேடம், அதே மாதிரி ஈர நிலத்தில் வளர்ந்து, அதே பீருக்குள் போனது, அதில் லெடால் என்ற நச்சுப்பொருள் உண்டு. பழைய குறிப்புகளில் இரண்டையும் குழப்பியிருக்கிறார்கள்.

ஹாப்ஸ் வென்றதற்குக் காரணம் சலிப்பூட்டும் அளவுக்கு நடைமுறையானது. ஹாப்ஸின் கசப்புப் பொருள், பீரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாவைக் கேலைவிட நன்றாக அடக்குகிறது. ஹாப்ஸ் போட்ட பீர் மாதக்கணக்கில் தாங்கும், பீப்பாயில் ஏற்றிக் கடல் கடந்து விற்கலாம். ஹாம்பர்க் போன்ற துறைமுகங்கள் அதை வைத்தே பெரிய வியாபாரம் செய்தன. ஹாப்ஸைத் தோட்டத்தில் பயிரிடலாம், கேலோ சதுப்பில் போய்ப் பறிக்க வேண்டியது. அரசர்களும் ஹாப்ஸ் பக்கம் சாய்ந்தார்கள். சுவீடனின் 1442 நிலச் சட்டம் ஒவ்வொரு குடியானவரும் 40 ஹாப்ஸ் கொடிக்கம்பம் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. இங்கே இன்னொரு தவறையும் திருத்திவிடலாம்: பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டுமே போடலாம் என்ற 1516ஆம் வருடத்து பவேரியச் சட்டம்தான் கேல் பீரைக் கொன்றது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். தென் ஜெர்மனியின் பவேரியா கேல் வளரும் இடமே இல்லை. கேல் புழங்கிய கரையோர நகரங்களில் மாற்றம் அதற்கு ரொம்ப முன்னாலேயே முடிந்துவிட்டது. சந்தையில் தோற்ற பிறகும் ஸ்காண்டிநேவியாவிலும் பிரிட்டனிலும் பண்ணை வீடுகளில் தொடர்ந்தது, யார்க்ஷயரில் கேல் பீர் என்று அதற்குத் தனிப் பெயரே இருந்தது. இப்போது ஸ்காட்லாந்தில் ஹெதர் என்ற மலைப்புதரின் பூவைப் போட்டுக் காய்ச்சும் ஃப்ரேக் பீரில் இதைச் சேர்க்கிறார்கள், டென்மார்க்கில் இலையையும் மொட்டையும் ஸ்னாப்ஸ் சாராயத்தில் ஊறவைப்பது இன்றும் வீட்டுப் பழக்கம். வசந்தத்து மொட்டுக்கு ஒரு சுவை, கோடை இலைக்கு ஒரு சுவை, இலையுதிர் காலத்துக் காய்க்கு இன்னொரு சுவை. ஊறவிடுவதில் அவசரப்பட்டு எடுத்தால்கூடப் பரவாயில்லை, அதிகம் விட்டால் கசப்பு ஏறி மணம் போய்விடும்.

பூச்சி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்காட்லாந்து மலைப்பகுதியின் மிட்ஜ் என்பது கொசுவைவிட மிகச் சிறிய கடிபூச்சி, சிறகு ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை, மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காற்றில்லாத மாலைகளில் மேகம் மாதிரி வரும். அதற்கு எதிராகக் கேல் கிளையைத் தொப்பியில், சட்டையில் செருகிக்கொள்வது நெடுங்காலப் பழக்கம். படுக்கையில் வைக்கோலோடு பரப்பித் தெள்ளுப்பூச்சியைத் தடுத்தார்கள், துணிப்பெட்டியில் வைத்து அந்துப்பூச்சியைத் தடுத்தார்கள். வட அமெரிக்காவில் பொட்டாவாட்டமி மக்கள் இதை நெருப்பில் போட்டுப் புகைமூட்டிக் கொசுவை விரட்டியதும், புளூபெர்ரி பறிக்கும் பாத்திரத்துக்குள் இலையை விரித்துப் பழம் கெடாமல் வைத்ததும் பதிவாகியிருக்கின்றன. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், ஒருவரை ஒருவர் அறியாத மக்கள் ஒரே செடியை ஒரே வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்றால் அதில் விஷயம் இருக்கிறது.

பிறகு ஏன் பாதி நிஜம் என்றேன்? எண்ணெய் பூச்சியை விலக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது சீக்கிரம் ஆவியாகிவிடும். ஒடித்த கிளையைச் சும்மா செருகினால் உடையாத சுரப்பியிலிருந்து பெரிதாக ஒன்றும் வராது. அடிக்கடி கசக்கி, கழுத்தையும் மணிக்கட்டையும் சுற்றித் தேய்த்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரம் வித்தியாசம் தெரியும். மிட்ஜ் உச்சத்தில் இருக்கும் ஜூலை மாலையில், ஏரிக்கரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கேல் மட்டும் காப்பாற்றாது, தலையை மூடும் வலையும் கடையில் விற்கும் பூச்சி விரட்டியும் எடுத்துப்போங்கள். மூடிய பெட்டிக்குள் துணிக்கு நடுவே வைப்பது வேறு கதை, அங்கே மணம் வெளியே போக வழியில்லை. அந்த வேலையை இது நன்றாகவே செய்யும், அந்துருண்டை நாற்றமும் இருக்காது. வருடம் ஒருமுறை புதிய இலை மாற்றினால் போதும்.

மற்றப் பயன்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இலையைப் படிகாரத்தோடு கொதிக்கவைத்தால் கம்பளிக்கு நல்ல மஞ்சள் சாயம். பட்டை தோல் பதனிட. காய்களைக் கொதிநீரில் போட்டால் மேலே மெழுகு மிதக்கும், வழித்தெடுத்து மெழுகுவர்த்தி செய்வார்கள், ஆனால் கிடைப்பது கொஞ்சம்தான். அமெரிக்கக் குடியேறிகள் பேபெர்ரி மெழுகுவர்த்தி என்று நிறையச் செய்தது இதன் உறவுச் செடியில். பிரான்சில் காயை மிளகு போலச் சமையலில் போட்டிருக்கிறார்கள். இறைச்சிக் குழம்பில் இரண்டு மூன்று இலை, பிரிஞ்சி இலை போடுகிற இடத்தில், பரிமாறும் முன் எடுத்துவிட வேண்டும். ஸ்காட்லாந்தின் கேம்பல் குலத்துக்கு இதுதான் அடையாளச் செடி.

மருந்து என்று வரும்போது நான் நிதானமாக இருக்கவே விரும்புகிறேன். குடற்புழுவுக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் தோல் சொறிக்கும் கஷாயம் வைத்தது உண்மை. எண்ணெய்க்குச் சில நுண்ணுயிர்களைக் கட்டுப்படுத்தும் தன்மை ஆய்வகத்தில் தெரிந்ததால், 2000களில் ஸ்காட்லாந்தில் இதைப் பயிரிட்டுத் தோல் பராமரிப்புப் பொருட்களுக்கு எண்ணெய் எடுக்கும் முயற்சிகளும் நடந்தன. ஆனால் உள்ளுக்குச் சாப்பிட்டு ஒரு நோய் குணமாகும் என்று சொல்லத்தக்க மருத்துவச் சோதனை கிடையாது. கருவைக் கலைக்க இதைப் பயன்படுத்திய வழக்கமும் இருந்திருக்கிறது, ஆகவே கர்ப்பிணிகள் தேநீராகக்கூடத் தொட வேண்டாம். எண்ணெயை யாருமே உள்ளுக்கு எடுக்கக் கூடாது, தோலில் தடவுவதென்றாலும் நீர்க்கச் செய்துதான். பீரில் போட்டதே, அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற வாதம் ஆபத்தானது, பீருக்குப் போகிற அளவு கைப்பிடி, அதுவும் பெரிய அண்டாவுக்கு.

பறிக்கப் போகிறவர்களுக்கு: லேடத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். லேடத்தின் இலை குளிர்காலத்திலும் உதிராது, விளிம்பு உள்பக்கம் மடிந்திருக்கும், அடியில் துரு நிறத்தில் பஞ்சு போன்ற ரோமம். கேல் இலை தட்டையானது, பஞ்சு கிடையாது, மஞ்சள் புள்ளி இருக்கும். பக்கத்திலேயே குட்டை வில்லோக்கள் வளரும், அவை ஒரு வாசனையும் தராது. முழுக் கிளையை வெட்டாமல் ஒரு செடிக்கு இரண்டொரு நுனி கிள்ளினால் போதும். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் சதுப்பை வடித்து வயலாக்கியதில் இது வெகுவாகக் குறைந்துபோயிருக்கிறது, அங்கே பறிக்காமல் இருப்பதே நல்லது. ஸ்காட்லாந்தில் தாராளமாக இருக்கிறது, ஆனால் ரானக் பிரிண்டில்டு பியூட்டி, ஆர்ஜென்ட் அண்ட் சேபிள் என்ற அரிய அந்துப்பூச்சிகளின் புழுக்கள் அங்கே இந்த இலையைத் தின்று வளர்பவை. துணியைத் தின்னும் அந்துவை விரட்டும் அதே இலை இந்தப் புழுக்களுக்குச் சோறு.

கடைசியாக, நம்மூரில் வளருமா? சமவெளியில் வாய்ப்பே இல்லை. விதை முளைக்கவே நீண்ட குளிர் தேவை, செடியும் குளிரில் இலையுதிர்த்து ஓய்வெடுப்பது. ஊட்டி, அவலாஞ்சி பக்கம் ஈரப் பள்ளத்தில் ஒருவேளை பிழைக்கலாம், அதனால்தான் நட வேண்டாம் என்கிறேன். நீலகிரியின் புல்வெளியும் பீட் சதுப்பும் ஏற்கெனவே வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த வாட்டில், கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் செடிகளால் மூச்சுத் திணறிக் கிடக்கின்றன. அந்த மூன்றும் கேலைப் போலவே நைட்ரஜனைத் தானே தயாரிக்கும் செடிகள், சத்தில்லாத மண்ணில் உள்ளூர்ப் புல்லைத் தள்ளிவிட்டுப் பரவ அதுவே அவற்றுக்குப் பலம். வேரில் கிளைத்தும் தண்ணீரில் மிதந்தும் பரவுகிற நாலாவது ஒன்றை நாமே கொண்டுபோய் வைக்கக் கூடாது. ஆசை இருந்தால் அங்கிருந்து வருகிறவர்களிடம் காய்ந்த இலை கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். கையில் கிடைத்ததும் ஒரு இலையைக் கசக்கிப் பாருங்கள், உடனே மணம் வந்தால் நல்ல சரக்கு, வைக்கோல் வாசனை மட்டும் வந்தால் எண்ணெய் போய்விட்டது என்று அர்த்தம்.